டாக்டரிடம் சொல்லாத அரிப்பு

சென்ற மாதம் என் மகளின் பரிசோதனைக்குத் துணையாகப் பொன்னேரிக்குப் போயிருந்தேன். அவளுக்கு இது தலைப்பிரசவம். டாக்டர் அவளைப் பார்த்து, "தூக்கமெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாத் தூங்குறா டாக்டர்" என்றேன் நான்.

மகள் மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, வேலையில இருந்தப்ப கூட வர்றவங்கள எல்லாம் வாயத் தொறக்க விடமாட்ட. இப்ப நீயே இப்படிப் பண்றியே? எனக்கு ராத்திரியில கெண்டக்கால் இழுத்து இழுத்து முழிப்பு வருது. அத நானே சொல்லலாம்னு இருந்தேன்."

மறுபடி உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வரும்படி அவளை அனுப்பிவிட்டு, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். முப்பது வருடத்துக்கு மேல் செவிலியராக வேலை பார்த்தவளுக்கே, பக்கத்தில் இருப்பது பெற்ற மகள் என்றால் நாக்கு முந்திக்கொள்கிறது. அந்தப் பெஞ்சில் இருந்தபோது பவானியின் ஞாபகம் வந்தது. அவளைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

பழவேற்காடு ஏரிக்கரையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்துதான் போன வருடம் ஓய்வு பெற்றேன். என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊசி போடவும், ரத்த அழுத்தம் பார்க்கவும், வயிற்றைத் தொட்டுப் பிள்ளையின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லவும் பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள். நன்றாகவே கற்றுக்கொடுத்தார்கள். ஆனால், "ஒன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கும் பெண்ணிடம் அடுத்து என்ன பேசுவது என்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை. அதை எங்கள் நிலையத்துக்கு வந்த டாக்டர் ரேவதியிடம்தான் பார்த்தேன்.

அவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்குப் புதிது. வந்த முதல் செவ்வாய்க்கிழமையே, அதாவது கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாளில், ஒரு பெண் அவரிடம், "தல கிர்ருனு கீதும்மா" என்றாள்.

"கிர்ருன்னா? சுத்துதா, வலிக்குதா, கண்ணு இருட்டிட்டு வருதா?"

"இன்னா டாக்டரம்மா, கிர்ருன்னா கிர்ருதான்!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "எனக்கு உங்க ஊர்ப் பேச்சு இன்னும் வரல தாயி. கையால காட்டு" என்றார். அந்தப் பெண் ஆள்காட்டி விரலைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுழற்றினாள். பிறகு தானாகவே, "எந்திரிச்சி நின்னா மட்டும்தான். படுத்தா இல்ல" என்றாள். ரத்தம் பரிசோதித்ததில் சோகை அதிகம் இருந்தது. புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் ஒரு டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன். மற்றவர்கள் பொல்லாதவர்கள் என்று சொல்லவில்லை. வாசலில் அத்தனை பேர் காத்திருக்கும்போது தலையை ஆட்டிவிட்டு எழுதிவிடுவதுதான் மனித இயல்பு.

அவருடைய அறையில் மேஜை சுவரோடு ஒட்டிக் கிடக்கும். வருகிறவளும் அவரும் நடுவில் மறைப்பு இல்லாமல் முழங்காலுக்கு முழங்கால் பார்த்து உட்காருவார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வந்தவளுக்கு உடனே ரத்த அழுத்தம் பார்க்க விடமாட்டார். தண்ணீர் கொடுத்து, சாய்ந்து உட்காரவைத்து, மூச்சு நிதானப்பட்ட பிறகுதான் கையில் பட்டையைச் சுற்ற வேண்டும். எடை, சிறுநீர், ரத்தம், வயிறு, பிள்ளையின் இதயத் துடிப்பு எல்லாம் நான் பார்த்து முடித்த பிறகு அவர் கேட்கத் தொடங்குவார். கேட்கும்போது பேனாவை மூடிக் கீழே வைத்துவிடுவார். எழுதுவதெல்லாம் பிறகுதான்.

"மாத்திரை சாப்பிடுறியா?" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் "சாப்பிடுறேன்" என்றுதான் சொல்வார்கள். "அந்த இரும்புச்சத்து மாத்திரையில உனக்கு எது புடிக்கல?" என்றுதான் கேட்பார். ஒருத்தி வாய்க்கசப்பு என்பாள். ஒருத்தி, "வெளிக்கிப் போனா கருப்பாப் போவுதும்மா, பயந்துக்கினு நிறுத்திட்டேன்" என்பாள். மாத்திரை சாப்பிட்டால் கருப்பாகத்தான் போகும், பயப்பட வேண்டாம் என்று சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அத்தனை நாளும் உள்ளுக்குள் ஏதோ அழுகிப்போகிறது என்று நினைத்திருப்பாள், பாவம்.

கடைசியில் ஒரு கேள்வி உண்டு. "இன்னைக்கு டாக்டர் என்ன சொன்னாங்கன்னு வீட்டுல கேப்பாங்கல்ல, என்ன சொல்லுவ?" என்பார். ஒருநாள் ஒரு பெண்ணிடம், தலைவலி மண்டையைப் பிளந்தாலோ, கண் மங்கினாலோ, எந்த நேரமானாலும் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அந்தப் பெண் திருப்பிச் சொன்னது இதுதான்: "தல வலிச்சா மாத்திர போட்டுக்கினு படுத்துக்கச் சொன்னாங்கன்னு சொல்வேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் கோபப்படவில்லை. "நான் சரியாச் சொல்லல போல. திரும்பச் சொல்றேன், கேளு" என்று முதலிலிருந்து தொடங்கினார். மூன்றாவது முறை அவள் சரியாகச் சொன்னாள். அடுத்த மாதமே அதே தலைவலியோடு, புருஷனின் பைக்கில் உட்கார்ந்து வந்து சேர்ந்தாள். ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. கூட யார் வந்தாலும், மாமியாரோ, அம்மாவோ, புருஷனோ, முதலில் அவர்களோடு மரியாதையாகப் பேசுவார். பிறகு, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, பரிசோதனை பண்ணணும்" என்பார். அந்தப் பரிசோதனையில் பாதி பேச்சுதான். அவர்களை வெளியே கூட்டிப் போய் உட்காரவைக்கும் வேலை என்னுடையது. அதைத்தான் என் மகள் 'வாயத் தொறக்க விடமாட்ட' என்றாள்.

பவானி தோணிரேவுக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் இருந்தாள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற குடும்பம். பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னிய பறியைக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அவளுடைய முதல் பிள்ளை, ஒன்பதாவது மாதம் தாய்வீட்டில் இருந்தபோது வயிற்றுக்குள்ளேயே இறந்துபோனது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அது வயிற்றில் இருந்தபோதும் அவள் ஏரியில் இறங்கிக்கொண்டுதான் இருந்தாள். அதனால் காரணம் தெரிந்துவிட்டதாக ஊரே பேசிக்கொண்டது.

இரண்டாவது முறை அவள் எங்களிடம் வந்தபோது, புருஷனின் அக்கா குப்பம்மாதான் எப்போதும் கூட வருவாள். குப்பம்மாவுக்குப் பிள்ளை இல்லை. தம்பிக்குப் பிள்ளை பிறந்தால் தோளில் போட்டு வளர்க்கலாம் என்று இருந்தவள். டாக்டர் பவானியைப் பார்த்து எதைக் கேட்டாலும் பதில் குப்பம்மாவிடமிருந்து வரும்.

"நல்லா சாப்பிடுறாம்மா. மீனு, முட்ட, கீர எல்லாம் குடுக்கிறேன். இந்த வாட்டி தண்ணிப் பக்கமே வுடல. நானே காவலு."

எட்டாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. எடை சரி. ரத்த அழுத்தம் சரி. பிள்ளையின் துடிப்பு குதிரை ஓடுகிற மாதிரி நன்றாகக் கேட்டது. நான் குப்பம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுத் திரும்பினேன்.

"உனக்கு என்ன தொந்தரவு இருக்கு தாயி?" என்றார் டாக்டர்.

"ஒன்னும் இல்லீங்க."

"சரி. வேற?"

"வேறயும் இல்லீங்க."

டாக்டர் பேசாமல் இருந்தார். அவர் அப்படிப் பேசாமல் இருப்பது எனக்கே சில நேரம் சங்கடமாக இருக்கும். பிறகு, "வெளிய போன பிறகு, 'ஐயோ, இதச் சொல்லாம வந்துட்டோமே'ன்னு ஒன்னு தோணும்ல. அத இப்பவே சொல்லிரு" என்றார்.

பவானி எழுந்துவிட்டாள். கதவுத் திரை வரைக்கும் போனாள். திரையைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே கேட்டாள்.

"ஒன்னு சொன்னா திட்டுவீங்களா?"

"முழுசாக் கேட்டுட்டு, திட்டுற மாதிரி இருந்தாத்தான் திட்டுவேன். வா, உக்காரு."

அவள் வந்து உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். "அரிக்குதுங்க. இங்க. அப்புறம் உள்ளங்கால்ல. பகல்ல தெரியல. படுத்தா உயிர் போவுது. சொரசொரப்பா ஒரு செவுரு கீது, அதுல கால வச்சித் தேச்சிக்கினே கெடப்பேன்."

கையில் தடிப்பு இல்லை, புண் இல்லை. சொறிந்த கோடுகள் மட்டும் இருந்தன.

"எப்போ இருந்து?"

"ஏழாவது மாசத்துலேருந்து."

"ஏன் தாயி இத்தனை நாள் சொல்லல?"

பவானி கதவைப் பார்த்துக் குரலை இறக்கினாள். "அரிக்குதுன்னா தண்ணியில எறங்கினேன்னு சொல்லுவாங்க. எங்க ஊர்ல தண்ணியில எறங்குறவங்களுக்குத்தான் அரிக்கும். நான் எறங்கலம்மா. இந்த வாட்டி கால் கூட நனைக்கல. நம்புங்க."

அவள் அழத் தொடங்கினாள். டாக்டர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நம்புறேன். நீ தண்ணியில எறங்காததாலதான் இது எனக்கு முக்கியமாப்படுது. எறங்கியிருந்தா, தண்ணி அரிப்புன்னு நானும் ஒரு களிம்பு குடுத்து அனுப்பியிருப்பேன். ஒன்னுக்கு என்ன நிறத்துல போகுது?"

"டீத்தண்ணி மாதிரி."

"முதல் புள்ளை வயித்துல இருந்தப்ப இந்த அரிப்பு இருந்துச்சா?"

பவானி தலையைக் குனிந்துகொண்டாள். "இருந்திச்சி. அப்ப நான் தண்ணியில எறங்கிக்கினுதான் இருந்தேன். அதனாலதான் யாருக்கும் சொல்லல. அதனாலதானே அது..."

நான் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் அவசரப்படாமல் சொன்னார். அந்த வார்த்தைகள் எனக்கு இன்றும் மனப்பாடம். "கவனமாக் கேளு. சில பேருக்குப் புள்ளத்தாச்சியா இருக்கும்போது கல்லீரல்ல பித்தம் தேங்கிப் போகும். அது ரத்தத்துல கலந்தா உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கும். கவனிக்காம விட்டா வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆபத்து. கண்டுபிடிச்சுட்டா வழி இருக்கு. உனக்கு அதுதானான்னு ரத்தத்துலதான் தெரியும். போன தடவை ரத்தம் பாக்காததால, அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு இப்ப என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இது உறுதி: இடுப்பளவு தண்ணியில நின்னதுக்காக ஒரு புள்ளை சாகாது."

பவானி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், நான் அதை ஆமோதிக்கிறேனா என்று. நான் தலையசைத்தேன்.

"உன் நாத்தனார் கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா? சொல்ல வேண்டாம்னாலும் சரி" என்றார் டாக்டர்.

"நீங்களே சொல்லிடுங்கம்மா."

குப்பம்மாவைக் கூப்பிட்டேன். அரிப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் பவானி பயந்த அதே கேள்வியைக் கேட்டாள்.

"எனுக்குத் தெரியாம தண்ணியில எறங்குனியாடி?"

"எறங்கல" என்றார் டாக்டர். "எறங்காமலே அரிக்குது. அதுதான் விஷயம்." பவானியிடம் சொன்னதை அப்படியே அவளிடமும் சொன்னார். குப்பம்மா கேட்டுக்கொண்டே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப இத்தினி வருசமா நாங்க இந்தப் பொண்ண..." என்று தொடங்கினாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த ரத்தப் பரிசோதனைக்கும் அதற்கு மேல் பார்க்கவும் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். டாக்டர் போனில் பேசினார், சீட்டு எழுதினார், வண்டிக்குச் சொன்னார். பிறகு பவானியிடம் திரும்பினார்.

"நான் எழுதிக் குடுத்துட்டேன். ஆனாலும் அங்க நீயும் உன் வாயால சொல்லணும். கூட்டமா இருக்கும். உன்னைப் பாக்குறவங்களுக்கு நேரம் கம்மியா இருக்கும். அதனால முதல் வார்த்தையிலேயே சொல்லு. 'முதல் புள்ளை ஒன்பதாவது மாசம் வயித்துலயே இறந்துடுச்சு. அப்பவும் உள்ளங்கை, உள்ளங்கால் அரிச்சுச்சு. இப்பவும் அரிக்குது.' எங்க, சொல்லு பாப்போம்."

பவானி வாயைத் திறந்தாள். முதல் வரியிலேயே குரல் உடைந்தது.

"பரவாயில்ல. போற வழியில சொல்லிப் பாரு" என்று என்னையும் கூட அனுப்பினார்.

வண்டி பொன்னேரியைத் தாண்டுவதற்குள் அவள் ஏழெட்டு முறை சொல்லிப்பார்த்திருப்பாள். குப்பம்மாதான் டாக்டராக நடித்தாள். "இன்னாம்மா உனுக்குப் பிரச்ன?" என்று அவள் கேட்க, பவானி சொல்வாள். நடுவில் தடுமாறினால் குப்பம்மா எடுத்துக்கொடுக்கப் போவாள், பிறகு தானே வாயைப் பொத்திக்கொள்வாள். மீஞ்சூர் தாண்டியபோது இரண்டு பேருக்கும் சிரிப்பே வந்துவிட்டது. பவானி சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஓர் இளம் டாக்டர். களைத்த முகம். சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டே, "சொல்லுங்க, என்ன பிரச்னை?" என்றார். நான் சீருடையில் நின்றதால் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் ஒரு அடி பின்னால் நகர்ந்து பவானியின் முதுகில் கை வைத்தேன்.

"எம் மொதப் புள்ள ஒம்போதாவது மாசம் வவுத்துலயே பூட்சிங்க" என்றாள் பவானி. "அப்பவும் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிச்சிச்சி. இப்பவும் அரிக்குது. ராத்திரில ஜாஸ்தி. நான் தண்ணியில எறங்கல."

கடைசி வாக்கியம் யாரும் சொல்லிக்கொடுக்காதது. அது அந்த டாக்டருக்கு எதற்கென்று புரிந்திருக்காது. ஆனால் அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளை நேராகப் பார்த்தார். "உட்காருங்க" என்று தன் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அன்றே ரத்தம் எடுத்தார்கள். அவளை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

பித்த உப்பு ரத்தத்தில் மிகவும் கூடியிருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். பிள்ளையின் துடிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். முழு மாதம் வரைக்கும் காத்திருப்பது ஆபத்து என்று, பிள்ளை தேறக்கூடிய வளர்ச்சி வந்ததும் மருந்து வைத்து வலி வரவழைத்தார்கள். அந்த நாட்களில் எனக்கும் நிம்மதி இல்லை. பவானியின் புருஷன் ஏழுமலை ஏரிப் பக்கமே போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தான். நான் வேலைக்கு நடுவில் அவனுக்குப் போன் செய்வேன். "இன்னும் ஒன்னும் ஆவல நர்சம்மா" என்பான். எங்கள் டாக்டர் ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்பார். அவரிடம் சொல்வதற்காகவே நான் போன் செய்ததாகச் சொல்லிக்கொள்வேன்.

ஒரு மத்தியானம், தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது ஏழுமலையே கூப்பிட்டான். எடுத்ததும் பேச்சு இல்லை. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகுதான் அது அவன் அழுகை இல்லை என்று தெரிந்தது. பிள்ளையின் அழுகை. போனைப் பிள்ளையின் வாயருகே பிடித்திருக்கிறான், பைத்தியக்காரன்.

"பொம்பளப் புள்ள நர்சம்மா! கத்துது பாருங்க!"

நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டர் அறைக்குப் போய்ப் போனை நீட்டினேன். அவர் காதில் வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வாசலில் இருந்த கூட்டம் அன்றைக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தது.

பிள்ளை எடை சற்றுக் குறைவு. மற்றபடி குறை இல்லை. பிரசவம் ஆன சில நாளிலேயே பவானியின் அரிப்பு போன இடம் தெரியவில்லை. பிள்ளையோடு எங்களிடம் காட்ட வந்தபோது டாக்டர் அவளிடம் ஒன்றை அழுத்திச் சொன்னார்: அடுத்த முறை கருத்தரித்தால் இது திரும்ப வரலாம், முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே சொல்லிவிட வேண்டும், யாரும் கேட்கும்வரை இருக்கக் கூடாது. பவானி அதைத் திருப்பிச் சொன்னாள். குப்பம்மாவும் கூடவே சொன்னாள். குப்பம்மா அதோடு நிற்கவில்லை. அவர்கள் குப்பத்திலிருந்து அதன் பிறகு வந்த பெண்கள் சிலர், நாங்கள் கேட்பதற்கு முன்பே உள்ளங்கையை நீட்டி, "எனுக்கு அரிக்கல டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

அடுத்த வருடம் மழைக்குப் பிறகு ஒருநாள், தடுப்பூசி வேலையாக நான் அந்தப் பக்கம் போனேன். ஏரி நிறைந்து கிடந்தது. கரையில் குப்பம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பிள்ளை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் நாலைந்து பெண்கள் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னைப் பார்த்தாள். பவானி. கழுத்தில் பறி தொங்கியது. இடுப்பளவு தண்ணீர்.

"நர்சம்மா! நல்ல எறா மாட்டிக்கீது, இருந்து எடுத்துக்கினு போங்க!" என்று கத்திவிட்டு மறுபடி குனிந்தாள்.

நான் குப்பம்மாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். இரண்டு பேரும் அவள் கரையேறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.